சோறு மூடுகிற தொப்பி

என் வயதுக்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டென்மார்க்குக்குச் சிறு வயதில் வந்து இறங்கிய நாங்கள் எல்லாரும் பத்து வயதிலேயே மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவர்கள். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. அம்மாவின் வயிற்றுவலியை வைத்தியருக்குச் சொன்னோம். தண்ணீர்க் குழாய் ஒழுகுவதை வீட்டுக்காரருக்குச் சொன்னோம். வகுப்பாசிரியர் எங்களைப் பற்றிச் சொன்ன குறைகளைக்கூட எங்கள் வாயாலேயே எங்கள் பெற்றோருக்குச் சொன்னோம். அதில் எத்தனை பேர் உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. என்னுடையதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. இக்காஸ்டில் இருந்தோம். ஊர் முழுக்க உடுப்புத் தொழிற்சாலைகள். அதில் ஒன்றில் பனியன்களை மடித்துப் பைக்குள் போடுவது அப்பாவின் வேலை. யாழ்ப்பாணத்தில் அவர் தபால் கந்தோரில் இருந்தவர். அவர் யன்னலுக்குப் பின்னால் எழுந்து நின்றாலே வரிசை நேராகிவிடும் என்று அம்மா சொல்வார். இங்கே அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மடித்த பனியனைத் திரும்ப மடி என்று கையால் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அப்பாவிடம் ஒரு பெருமை இருந்தது. அவர் மலாயாவில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே ரயில்வேயில் எழுதுவினைஞர். பென்சன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கப்பலில் யாழ்ப்பாணம் திரும்பியபோது அப்பாவுக்கு ஒன்பது வயது. மலாயாப் பென்சன்காரர் வீடு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த மரியாதையை அப்பா கப்பலில் இருந்து இறக்கி, விமானத்தில் ஏற்றி, டென்மார்க் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். மலாய் மொழியில் பத்து வரைக்கும் எண்ணத் தெரியும். அதைவிட ஏழெட்டுச் சொற்கள் தெரியும். குளிக்கும்போது அவற்றை உரத்துச் சொல்வார்.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர்ப் பண்பாட்டு நிலையத்தில் மலாய்க் கைவினைப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அது ஒரு பழைய நெசவாலைக் கட்டடம். எவ்வளவு வெள்ளை பூசியும் தரைப் பலகையில் இயந்திர எண்ணெய் வாசம் போகவில்லை. பக்கத்து ஊர் டேனிஷ்காரர் ஒருவர் முன்னொரு காலத்தில் மலாயாவில் ரப்பர்த் தோட்டம் பார்த்தவராம். அவர் இறந்ததும் பிள்ளைகள் பரணில் கிடந்த பெட்டிகளை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். எந்தப் பொருள் எதற்கு என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, நிலையத்தாருக்கும் தெரியாது. பார்த்து, ஊகித்து, அழகான எழுத்தில் அட்டை எழுதி வைத்துவிட்டார்கள்.

எங்கள் வகுப்பை முதல் கிழமையே அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். தங்க நூல் ஓடிய பட்டுத்துணி, மெழுகு வாசம் போகாத பத்திக் துணிகள், தாழை ஓலைப் பாய்கள், ஆளைவிடப் பெரிய ஒரு காற்றாடிப் பட்டம், பித்தளைப் பெட்டி ஒன்று. ஒரு மூலையில் நிலைக்கண்ணாடி வைத்து, பக்கத்தில் கூம்பு வடிவத்தில் ஒரு பொருள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சாயம் போட்ட ஓலையில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பின்னியிருந்தது. ‘பெண்கள் வெயிலுக்கு அணியும் தொப்பி. போட்டுப் பாருங்கள்’ என்று அட்டை சொன்னது.

ஆசிரியர் வகுப்பு முழுவதையும் ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது உங்கள் பக்கத்துப் பொருள்தானே. நீ போட்டுக் காட்டு” என்றார்.

இலங்கைக்கும் மலேசியாவுக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது என்று சொல்ல எனக்கு டேனிஷ் இருந்தது, துணிவு இருக்கவில்லை. ஆசிரியரே அதை எடுத்து என் தலையில் கவிழ்த்தார். அது மூக்கு வரைக்கும் இறங்கியது. ஓலை விளிம்பு காதைச் சுரண்டியது. உள்ளே பழைய தூசி மணத்தது. அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து நின்றார். இரண்டு நாளில் படம் வெளியாகிவிட்டது. படத்தில் தொப்பி இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய் என்னுடையது.

ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டின. அம்மாவுக்குத் தாங்கமுடியாத சந்தோசம். ஐந்து பத்திரிகை வாங்கி, படங்களைக் கத்தரித்து, ஒன்றை யாழ்ப்பாணத்துக்குக் கடிதத்தோடு அனுப்பினார். அப்பா வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று படத்தைப் பார்த்தார்.

“ஆர் இதை இவளின்ரை தலையிலை வைச்சது?”

“ரீச்சராம்” என்றார் அம்மா.

“இது தொப்பியில்லை. சோத்தை மூடி வைக்கிறது. ஈ மொய்க்காமல் மேசையிலை கவிட்டு வைக்கிற மூடி. எங்கடை மலாயா வீட்டுக் குசினியிலை ஒண்டு இருந்தது. பள்ளிக்கூடத்தாலை வந்தா நான் முதல் அதைத்தான் தூக்கிப் பாக்கிறது.”

“என்னவாயிருந்தா என்ன. பிள்ளை வடிவா நிக்கிறாள்.”

“இஞ்சரும், உம்மடை பிள்ளையின்ரை தலையிலை சோத்து மூடியைக் கவிட்டுப் படம் போட்டிருக்கிறாங்கள். உமக்கு அது வடிவோ?”

“உங்கடை தலையிலை வைக்கேல்லை எண்டு உங்களுக்கு எரிச்சல்.”

அம்மா விளையாட்டாகச் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. “ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லுவம்” என்றார். சொல்லுவம் என்றால் நான் சொல்ல வேண்டும் என்று அர்த்தம்.

முதல் ஞாயிறு. அப்பா அவரிடம் இருந்த ஒரே கோட்டைப் போட்டார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவினார். நிலையத்துக்குள் நுழைந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பொருளாகப் பார்வையிட்டார். காற்றாடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு. பித்தளைப் பெட்டியைத் தையல் பெட்டி என்று எழுதியிருந்தார்கள். அது வெற்றிலைப் பெட்டி. அதற்கு இன்னொரு பெருமூச்சு. சனம் திரும்பிப் பார்த்தது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நிலையத்தை நடத்திய பொறுப்பாளர் ஒரு உயரமான பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் கிட்ட வந்ததும் அப்பா தொடங்கினார். சோற்று மூடி, ஈ, குசினி, ரயில்வே, தன்னுடைய அப்பா, காற்றாடி, வெற்றிலை. நாலு நிமிடம் மூச்சு விடாமல் பேசிவிட்டு என் தோளில் தட்டினார்.

“சொல்லு பிள்ளை.”

நான் பொறுப்பாளரின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, “எல்லாம் அழகாக இருக்கிறது என்று அப்பா சொல்கிறார்” என்றேன்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்து நன்றி சொன்னார்.

“என்னவாம்?”

“பாக்கிறமெண்டு சொல்லுறா.”

வெளியே வந்து சைக்கிளில் ஏறும்போது அப்பா கேட்டார். “நான் இவ்வளவு சொன்னனான். நீ ஒரு வசனத்திலை முடிச்சிட்டாய்?”

“டேனிஷ் அப்பிடித்தான் அப்பா. சுருக்கமான பாசை.”

அவர் நம்பினார். எனக்கு இன்றைக்கும் அதுதான் எரிச்சல். தபால் கந்தோரில் ஒரு கடிதத்தின் நிறையைக் கையில் வைத்தே சொல்லக்கூடியவர், பதினொரு வயதுப் பிள்ளை சொன்னதை அப்படியே நம்பினார். வளர்ந்த ஒரு மனிதர் தன் வாயைக் கழற்றி ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கலாமா? கொடுத்தால் அது பத்திரமாக இருக்குமா? ஒருவரும் இதை யோசிக்கவில்லை. அப்பாவும் யோசிக்கவில்லை, அந்தப் பொறுப்பாளரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு போனோம். தொப்பி கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அப்பா இந்த முறை ஒரு படம் கீறிக்கொண்டு வந்திருந்தார். அடிமட்டம் வைத்துக் கீறிய மேசை. மேசையில் சோற்றுக் கோப்பை, கோப்பைக்கு மேல் மூடி, மூடிக்கு வெளியே நாலு ஈ. ஈக்களுக்குச் செட்டைகூடப் போட்டிருந்தார். அதைப் பார்த்தாலே எவருக்கும் விளங்கியிருக்கும், நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால். நான், “இது உங்களுக்கு அப்பா கீறிய அன்பளிப்பு. பூச்சிகள் பறக்கிற ஒரு மலை” என்றேன். பொறுப்பாளர் நெஞ்சில் கை வைத்து மகிழ்ந்தார். கொண்டுபோய்க் கோப்பி விற்கிற இடத்துப் பலகையில் குத்தி வைத்தார்.

“அறிவித்தல் பலகையிலை போட்டிட்டினம்” என்றார் அப்பா. “இனி மாத்துவினம்.”

மூன்றாவது ஞாயிறுதான் நான் சொல்ல வந்தது.

அன்றைக்குப் பொறுப்பாளர் எங்களைக் கண்டதும் தானாகவே வந்தார். குனிந்து என்னிடம் கேட்டார். “உன் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். அவருக்கு இந்தப் பொருட்களைப் பற்றித் தெரியுமா?”

“அவர் அங்கே பிறந்தவர்” என்றேன். எப்படியோ அந்த ஒரு உண்மை வாயிலிருந்து தவறி விழுந்துவிட்டது.

அந்த அம்மாளின் கண் பெரிதானது. “ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை? புதன்கிழமைகளில் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். சுற்றியுள்ள ஊர்களில் இருந்தெல்லாம் வருகிறார்கள். எங்களுக்கு விளக்கிச் சொல்ல ஆளில்லை. உன் அப்பா வந்து பிள்ளைகளுக்குச் சொல்வாரா என்று கேள். நீயும் வந்து பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கலாம். உன் பள்ளிக்கூடத்தோடு நான் கதைக்கிறேன்.”

நீயும் வந்து பக்கத்தில் நின்று. எனக்கு அது மட்டும்தான் கேட்டது. சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நிலத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா கோட்டும் எண்ணெய்த் தலையுமாக நின்று மலாய் மொழியில் பத்து வரைக்கும் எண்ணிக் காட்டுவார். நான் பக்கத்தில் நின்று உரத்துப் பேச வேண்டும். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டாலே காது சூடாகிற பிள்ளை நான்.

“புதன்கிழமை அவருக்கு வேலை” என்றேன்.

“எல்லாப் புதன்கிழமையுமா?”

“எல்லாப் புதன்கிழமையும்.”

“கேட்டாவது பார்க்க மாட்டாயா?”

அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னவாம் பிள்ளை? என்னைப் பற்றியோ கதைக்கிறா?”

“திரும்பத் திரும்ப வந்து பாக்கிறதுக்கு நன்றியாம்.”

அப்பாவின் முகத்தில் ஏதோ இறங்கியது. “மூடியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“சரி. உன்ரை கதையை அவை கணக்கிலை எடுக்கேல்லை. சின்னப்பிள்ளை எண்டு விட்டிட்டினம்.”

பொறுப்பாளரிடம் திரும்பி, “அப்பாவால் முடியாதாம்” என்றேன். அவர் ஏமாற்றத்தோடு தலையாட்டினார்.

நடுவில் இதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். அங்கிருந்த பொருட்களில் மூன்று நான்குதான் உண்மையில் தெரியும். செம்புத் தகட்டில் செய்த ஒரு அச்சைக் காட்டி, பலகாரத்துக்குப் பூப் போடுகிற அச்சு என்று எனக்குச் சொன்னார். நான் அதை முப்பது வருடம் நம்பினேன். அது துணியில் மெழுகு குத்துகிற அச்சு. புதன்கிழமைகளில் அவரை விட்டிருந்தால் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் மலாய்க்காரர் செம்பு அச்சில் பலகாரம் சுடுகிறார்கள் என்று எழுதியிருப்பார்கள். அப்படி நினைத்து இடைக்கிடை என்னைத் தேற்றிக்கொள்வேன். தேறுவதில்லை.

நாலாவது ஞாயிறு காலையில் அப்பா அம்மாவைச் சோறு சமைக்கச் சொன்னார். பருப்பு, கத்தரிக்காய்க் கறி, அப்பளம்.

“எங்கை, பிக்னிக்கோ?” என்றார் அம்மா.

“இவையளுக்கு வாயாலை சொன்னா விளங்காது. காட்டத்தான் வேணும்.”

சில்வர் கோப்பையில் சோற்றைப் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி, துவாயில் கட்டி, சைக்கிள் கூடையில் வைத்தார். மழை தூறியது. கறி வாசம் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே பின்னால் மிதித்தேன்.

நிலையத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். ஒரு வயதான டேனிஷ் அம்மாள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நேரே போனார். அவருக்குத் தெரிந்த ஒரே டேனிஷ் சொல்லைச் சொன்னார்: “உன்ஸ்குல்.” மன்னிக்க வேண்டும் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அந்த அம்மாளின் தலையில் இருந்து அதைத் தூக்கினார். சனம் அப்படியே நின்றுவிட்டது. அப்பா சனம் உட்காரப் போட்டிருந்த வாங்கில் கோப்பையை வைத்துத் துவாயை அவிழ்த்தார். மேல் கோப்பையை எடுத்ததும் ஆவி எழும்பியது. அதற்கு மேல் அந்தக் கூம்பைக் கவிழ்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. கையால் ஈ விரட்டிக் காட்டினார். பிறகு மூடியைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டுக் காட்டினார். திரும்ப மூடினார்.

அந்த வயதான அம்மாள்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை. பொறுப்பாளர் சிரிக்கவில்லை. அவர் கோப்பையைப் பார்த்தார். கோப்பி விற்கிற இடத்துப் பலகையில் குத்தியிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதைத்தான் அவர் முதல் நாளில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தாரா?”

நான் தலையாட்டினேன்.

“புதன்கிழமையைப் பற்றி நீ அவரிடம் கேட்டாயா?”

நான் வாங்கில் கிடந்த துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் என்ன செய்வார்? அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்வதென்றாலும் அதை என்னைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கயிற்றைத் திருகினார். பிறகு, “நாங்கள் பிழையாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று அப்பாவிடம் சொல். அதையாவது சரியாகச் சொல்” என்றார்.

அதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அட்டையை மாற்றினார்கள். மூடியை ஒரு மேசையில் வைத்து அதற்குக் கீழே ஒரு வெறும் கோப்பையும் வைத்தார்கள். காற்றாடியை நிமிர்த்தினார்கள். என் வாயை நம்பி அப்பாவைப் புதன்கிழமைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. பத்து நாளில் காட்சி முடிந்து எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. எங்கே போனதென்று தெரியாது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய என் படம் இடம்பெயர்வில் தொலைந்தது. இங்கே இருந்த நாலும் வீடு மாறும்போது தொலைந்தன.

தொலையாமல் இருந்தது அப்பாவின் கதை ஒன்றுதான். பிறந்தநாள், சாமத்தியவீடு, எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்வார். கோப்பையைக் கவிழ்க்கிற இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். முடிவு எப்போதும் ஒன்றுதான். “மூண்டு கிழமை வாய் நோகச் சொன்னனான். கேக்கேல்லை. இவையள் சொன்னாக் கேக்கிற சனமில்லை.” நான் பக்கத்தில் வடைத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

கதையாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அது அவருடைய முடிவாகிவிட்டது. தொழிற்சாலையில் தூசி நெஞ்சுக்குள் போகிறது என்று சொல்லுங்கோ என்றால், “சொன்னாக் கேக்கவே போகினம்” என்பார். டேனிஷ் வகுப்புக்குப் போங்கோ என்றாலும் அதே பதில். ஒன்பதாம் வகுப்பு முடிய, இவளுக்கு மேற்படிப்பு வேண்டாம், சமையலறை வேலை பழகட்டும் என்று பள்ளிக்கூடத்தில் தீர்மானித்தார்கள். நான் படிக்கத்தான் விரும்பினேன். ஒருமுறை வந்து கதையுங்கோ என்று அப்பாவைக் கெஞ்சினேன். அவர் வரவில்லை. எந்த முகத்தோடு நான் கோபிப்பது? அந்தச் சனம் கேட்காது என்று அவருக்குப் படிப்பித்தவளே நான்தானே.

போன மாதம் வைலேயில் உள்ள ஒரு பண்பாட்டு நிலையத்தில் மலாய்க் கைவினைக் காட்சி என்று அறிவித்தல் பார்த்தேன். முதியோர் இல்லச் சமையலறையில் என் வேலை முடிந்ததும் தனியாகப் போனேன். இப்போது எல்லாம் ஒழுங்கு. கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பெண் தறியில் இருந்து நெய்து காட்டினார். சோற்று மூடிக்குச் சரியான பெயர், எந்த ஓலை, எந்த மாநிலம், எல்லாம் அட்டையில் இருந்தது. ஒருவரும் அதைத் தலையில் போடவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே இக்காஸ்டுக்கு, அப்பா வீட்டுக்குப் போனேன்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சாய்கதிரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார். நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழகாக இருக்கிறது என்று சொன்னது, பூச்சி பறக்கிற மலை, புதன்கிழமை. ஒன்றையும் சுருக்கவில்லை. அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் முகட்டைப் பார்த்தார்.

“புதன்கிழமை எத்தினை மணிக்கு வரச் சொன்னவ?”

“பத்து மணிக்கு.”

விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

“அப்ப எனக்குப் பின்னேர வேலை. ரெண்டு மணிக்குத்தான் தொடங்கிறது. வந்திருக்கலாம்.”

“அப்பா, எனக்கு ஏசுங்கோ.”

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கதிரையில் நிமிர்ந்து, கம்பளியைத் தள்ளிவிட்டு, குசினிப் பக்கம் திரும்பினார்.

“இஞ்சரும், கேட்டீரே? என்னை வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருக்கினம்.”

“எப்ப?” என்றார் அம்மா உள்ளேயிருந்து.

“புதன்கிழமை” என்றார் அப்பா. “பத்து மணிக்கு.”